பொங்கலுக்கு வந்த கிறிஸ்துமஸ்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் குடும்பத்தில் யாரும் என் போனை முதல் ரிங்கில் எடுப்பதில்லை. கடன் கேட்பேன் என்ற பயமல்ல, பாட்டு சொல்வேன் என்ற பயம். "கடையில போடுறதெல்லாம் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டா? நான் ஒண்ணு அனுப்புறேன், கேளு" என்று நான் ஆரம்பித்தால் அரை மணி நேரம் காணாமல் போகும், அதற்குள் அடுப்பில் முந்திரிக்கொத்து கருகும் என்பது அக்காவின் நெடுநாள் வழக்கு. இருபத்தைந்து ஆண்டுகளில் எத்தனை ஈடு முந்திரிக்கொத்து என் ரசனைக்குப் பலியானது என்று அவளிடம் கணக்கு இருக்கிறது. நான் சிபாரிசு செய்ததில் எத்தனை பாட்டை அவள் முழுதாகக் கேட்டாள் என்ற கணக்கு என்னிடம் இருக்கிறது. ஒன்று.

நாங்கள் வளர்ந்த பாளையங்கோட்டைத் தெருவில் கிறிஸ்துமஸுக்கு இரண்டே கட்சி. ஒன்று ஜிம் ரீவ்ஸ், மற்றது போனி எம். ஜிம் ரீவ்ஸ் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர். கன்னத்தில் வெண்ணெய் தடவியதுபோல் பாடுவார். 1963-ல் அவர் போட்ட 'ட்வெல்வ் சாங்ஸ் ஆஃப் கிறிஸ்துமஸ்' ரெக்கார்டுக்கு நம்மூர் கிறிஸ்தவ வீடுகளில் இருந்த மரியாதை, அவர் பிறந்த டெக்சாஸிலாவது இருந்ததா என்று எனக்குச் சந்தேகம். அடுத்த வருடமே விமான விபத்தில் இறந்துபோனார். எங்கள் தெருவில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. எண்பதுகளிலும் டிசம்பர் முதல் தேதி சாயங்காலம் எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து அவர்தான் ஸ்டாரோடு சேர்ந்து எரிவார்.

போனி எம் இளைஞர் கட்சி. 'மேரீஸ் பாய் சைல்ட்' 1978-ல் பிரிட்டனில் கிறிஸ்துமஸ் வாரத்தின் முதலிடப் பாட்டு. கரீபியன் தீவுகளிலிருந்து வந்த நாலு பேர், ஜெர்மனியில் ஒரு தயாரிப்பாளர், அடியில் டிஸ்கோ தாளம். கீத பவனி போகிற லாரியில் ஜெனரேட்டர் சத்தத்தையும் மீறிக் கேட்கிற ஒரே பாட்டு அதுதான். அந்தப் பாட்டு வராமல் கிறிஸ்துமஸ் தாத்தா லாரியை விட்டு இறங்கமாட்டார்.

இதையெல்லாம் நான் கேவலமாக நினைக்கத் தொடங்கியது லீட்ஸில்.

1998 செப்டம்பரில் மேற்படிப்புக்குப் போனேன். (ஊரில் எல்லோரும் "லண்டன்ல இருக்கான்" என்றுதான் சொன்னார்கள். லீட்ஸுக்கும் லண்டனுக்கும் முன்னூறு கிலோமீட்டர். நான் திருத்தவில்லை.) விடுமுறை நாட்களில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு அடுக்குகிற வேலை. நவம்பர் நடுவிலேயே கூரையிலிருந்து கிறிஸ்துமஸ் இறங்கிவிட்டது. ஒரே ஒரு டேப், முடிந்ததும் முதலிலிருந்து. ஸ்லேட், விஸ்ஸார்ட் என்ற இரண்டு குழுக்கள் 1973-ல் ஒரே கிறிஸ்துமஸுக்குப் போட்டிபோட்டு வெளியிட்ட இரண்டு பாட்டும் அதில் உண்டு. தினமும் கிறிஸ்துமஸாக இருக்கக்கூடாதா என்று விஸ்ஸார்ட் ஆள் ஏங்கும்போதெல்லாம் நான் உருளைக்கிழங்கு மூட்டையும் கையுமாக நிற்பேன். ஒரு ஷிப்டுக்கு ஐந்து முறை ஏங்குவார். எனக்கு தினமும் கிறிஸ்துமஸாகத்தான் இருந்தது. அவர் வந்து மூட்டை தூக்கிப் பார்த்திருக்கலாம்.

அந்த எரிச்சலோடு போய் நின்ற இடம் ஜம்போ ரெக்கார்ட்ஸ். 1971-லிருந்து லீட்ஸில் இருக்கிற கடை. கல்லாவில் ஒரு பையன் இருந்தான். வாங்குகிற பொருளைப் பார்த்து நம்மை எடைபோடுகிற பார்வை அவனுடையது. மளிகைக்கடைச் சம்பளத்தில் பாதியை அந்தப் பார்வையிடம் பாஸ் வாங்கவே செலவழித்திருப்பேன். 1999 டிசம்பரில் அவன் ஒரு சின்ன சிடியை மேஜையில் தள்ளினான். லோ என்ற குழு, மினசோட்டா மாநிலத்து டுலூத் ஊர்க்காரர்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து பாடுவார்கள், மனைவி மிமி பார்க்கர் டிரம்ஸும் வாசிப்பார், கூட ஒரு பாஸ் கிடார். 'கிறிஸ்துமஸ்' என்பதுதான் சிடியின் பெயர், எட்டே பாட்டு. இருவரும் மார்மன் சபையைச் சேர்ந்த உண்மையான விசுவாசிகள். அதனால் நக்கல் இல்லை. ஆனால் ஜிகினாவும் இல்லை. முதல் பாட்டு ஸ்காண்டிநேவியாவில் கச்சேரிக்கு ஊர் ஊராகப் போகிற கதை. வழியில் பனி பெய்கிறது, கிறிஸ்துமஸ் மாதிரி இருக்கிறது என்கிறார் ஒருவர், இல்லவே இல்லை என்கிறார் மற்றவர். அடுத்த ஊரில் பனி போய்விடுகிறது, வழி தப்புகிறது, படுக்கை போதவில்லை. இப்போதுதான் கிறிஸ்துமஸ் மாதிரி இருக்கிறது என்று பாட்டு முடிந்துவிடும்.

ஈரம் ஊறும் சுவர், காசு போட்டால் எரிகிற ஹீட்டர், டிசம்பர் 25 அன்று பஸ்ஸும் ரயிலும் ஓடாத ஊர். அங்கே தனியாக உட்கார்ந்து அதைக் கேட்ட எவனும் அடுத்த நாளே மதபோதகனாக மாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். நான் மாறினேன். ஊருக்கு ஒரு கேசட் செய்து அனுப்பத் தீர்மானித்தேன்.

இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கல்வெட்டு செதுக்கிய கதை மாதிரி கேட்கிறார்கள். தொண்ணூறு நிமிட கேசட் செய்யத் தொண்ணூறு நிமிடம் போதாது. ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தால் மானம் போய்விடும் என்பதால் பேப்பரும் பென்சிலுமாகக் கூட்டிக் கழிக்க வேண்டும். பிறகு அட்டையில் பொடி எழுத்தில் பாட்டின் பெயர், குழுவின் பெயர், ஆண்டு. நான் ஒருபடி மேலே போய் ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு வரி விளக்கமும் எழுதினேன். நல்ல விலையில் டிடிகே க்ரோம் கேசட். முடிந்ததும் யாரும் மேலே பதிவு செய்துவிடக் கூடாதென்று மேல்விளிம்பிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் காதையும் பேனா முனையால் உடைத்தெறிந்தேன். அந்தக் காதுகளின் கதைக்குப் பிறகு வருகிறேன்.

அதில் என்ன இருந்தது? போக்ஸ் குழுவும் கர்ஸ்டி மக்காலும் பாடிய 'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்'. 1987-ல் வந்தது. கிறிஸ்துமஸ் இரவில் போலீஸ் கொட்டடியில் போதை தெளியக் கிடக்கும் ஒருவனின் நினைவில் ஓடுகிற காதலும் வசவும். அந்த வருடம் அது இரண்டாமிடம்தான் வந்தது, முதலிடம் பெட் ஷாப் பாய்ஸுக்குப் போனது. அதையே அதன் தகுதிச் சான்றிதழாக அட்டையில் குறித்தேன். கிங்க்ஸ் குழுவின் 'ஃபாதர் கிறிஸ்துமஸ்', 1977. கடைவாசலில் நிற்கிற கிறிஸ்துமஸ் தாத்தாவை ஏழைப் பிள்ளைகள் மடக்கி, பொம்மை வேண்டாம், பணத்தைக் கொடு, இல்லையென்றால் அப்பாவுக்கு ஒரு வேலை கொடு என்று மிரட்டும் பாட்டு. எனக்குத் தெரிந்து கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் நியாயமான மனுக் கொடுத்த பாட்டு அது ஒன்றுதான். ஜான் ஃபேஹி 1968-ல் வெறும் கிடாரில் மீட்டிய கீர்த்தனைகள், அப்பாவை நினைத்துச் சேர்த்தது. வெயிட்ரஸஸ் குழுவின் 'கிறிஸ்துமஸ் ராப்பிங்', 1981. இந்த வருடம் தனியாகவே இருந்துவிடுகிறேன் என்று அலுத்துக்கொள்கிற ஒரு பெண்ணின் கதை.

இந்தக் கடைசிப் பாட்டை எழுதியவர் அதை நியூயார்க் வெயிலில், ஆகஸ்டில் எழுதினார். அது தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட குதூகலத்தை விளக்குவது கடினம். பாளையங்கோட்டையில் பிறந்தவனுக்கு கிறிஸ்துமஸ் பாட்டில் வருகிற பனியெல்லாம் எப்போதுமே அடுத்த வீட்டுச் சொத்து. ஆலயத்து வாசலில் குடிலுக்குப் பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பனி என்று நம்பிக்கொள்வோம். தோண்டிப் பார்த்தால் அந்தச் சொத்தே பஞ்சுதான். ஸ்லேட் தங்கள் பாட்டைப் பதிவு செய்ததும் நியூயார்க்கின் வெயில்காலத்தில். ஃபில் ஸ்பெக்டரின் புகழ்பெற்ற 1963 கிறிஸ்துமஸ் ரெக்கார்டு லாஸ் ஏஞ்சலிஸ் கோடையின் கடைசியில் உருவானது. 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பாட்டுக்கு இர்விங் பெர்லின் எழுதிய தொடக்கப் பகுதியில் வெயிலும் பனைச் சாதி மரங்களும்தான் வரும், பாடுகிறவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். பனை மரத்தடியில் வியர்த்துக்கொண்டு கிறிஸ்துமஸ் கொண்டாடுகிற நாங்கள்தான் மூலப் பிரதிக்கு விசுவாசமானவர்கள் என்று அட்டையில் எழுத இடமில்லாமல் தனித்தாளில் எழுதிச் சொருகினேன்.

பார்சல் பொங்கலன்று போய்ச் சேர்ந்தது.

பிப்ரவரியில் அப்பாவின் பதில் வந்தது. அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், சபைக் குவயரில் ஹார்மோனியம். "கிறிஸ்துவுக்குள் பிரியமான மகனுக்கு" என்று ஆரம்பித்து, நலம் விசாரித்து, வீட்டு வரி கட்டியது, கிணற்று மோட்டார் பழுதானது எல்லாம் எழுதிவிட்டுக் கடைசிப் பத்தியில்: "கேசட் கிடைத்தது. குடித்துவிட்டுப் புருஷனும் பெண்சாதியும் சண்டை போடுவதைக் கேட்க வேண்டுமானால் நம் தெருமுனையிலேயே கேட்கலாம், தபால் செலவு இல்லை. கேசட் நல்ல தரம். இப்படிப்பட்டது இங்கே கிடைப்பதில்லை." அவ்வளவுதான் விமர்சனம். அடுத்த டிசம்பரில் இன்னொரு கடிதம் வந்தது. உடைத்த காதுகளின் மேல் செல்லோ டேப் ஒட்டினால் மறுபடி பதிவாகும் என்று உபதேசியார் வீட்டுப் பையன் சொல்லிக்கொடுத்ததாகவும், குவயர் ஒத்திகையை அதிலேயே எடுத்துவிட்டதாகவும், சத்தம் கணீரென்று வந்திருப்பதாகவும்.

கோபத்தில் ஒரு வாரம் போன் பேசவில்லை. அப்பா அதைக் கவனிக்கவில்லை. போன் கார்டு தீர்ந்திருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

அதே 2000 டிசம்பர் 18. மெக்ஸிகோவின் கோசுமெல் தீவுக் கடலில் வேகப்படகு மோதி கர்ஸ்டி மக்கால் இறந்துபோனார். மகனைத் தள்ளிக் காப்பாற்றிவிட்டு. நாற்பத்தொரு வயது. ஜம்போ கடைப் பையன் அன்று எதையும் யாரிடமும் தள்ளவில்லை.

இனிமேல் நடந்ததைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் மாறும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் பாட்டுகள் ஒவ்வொன்றாகக் கட்சி மாறின. கவனித்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். நான் லீட்ஸில் கால்வைத்த 1998 டிசம்பரிலேயே ஸ்பைஸ் கேர்ள்ஸ் 'கிறிஸ்துமஸ் ராப்பிங்'கைப் பாடித் தங்கள் சிடியில் சேர்த்திருந்தார்கள். லோ பாடிய 'லிட்டில் டிரம்மர் பாய்' கேப் துணிக்கடை விளம்பரத்தில் ஏறியது. குளிருக்குப் போட ஸ்வெட்டர் இல்லாமல் நான் கேட்ட சிடி, ஸ்வெட்டர் விற்கப் போய்விட்டது. 'ஃபேரிடேல்' 2005 முதல் ஒவ்வொரு டிசம்பரிலும் பிரிட்டன் தரவரிசைக்குத் திரும்பிவருகிறது. இரண்டாமிடம் வந்த தோல்விக்காக நான் கொண்டாடிய பாட்டு, ஊரே சேர்ந்து பாடுகிற பாட்டாகிவிட்டது. அதைப் பாடிய போக்ஸ் குழுவின் ஷேன் மெக்கவன் பிறந்தது கிறிஸ்துமஸ் நாளில், 1957-ல். 2023 டிசம்பரில் அயர்லாந்தில் நீனா ஊர் ஆலயத்தில் அவருடைய சவப்பெட்டிக்கு முன்னால் அந்தப் பாட்டை இசைக்க, உறவினர்கள் எழுந்து ஆடினார்கள். சென்னையில் போன் திரையில் பார்த்தேன். அப்பா இருந்திருந்தால் அவருக்கும் காட்டியிருப்பேன்: தெருமுனைச் சண்டை ஆலயத்துக்குள்ளேயே வந்துவிட்டது என்று.

2009-ல் மட்டும் ஒரு நிமிடம் ஜெயித்ததுபோல் இருந்தது. டிவி பாட்டுப் போட்டியில் வென்றவர்களே வருடாவருடம் கிறிஸ்துமஸ் முதலிடம் பிடிப்பது பொறுக்காமல் ஜான் மார்ட்டர், ட்ரேசி மார்ட்டர் தம்பதி ஃபேஸ்புக்கில் ஒரு கலகம் கூட்டினார்கள். 1992-ல் வந்த, கிறிஸ்துமஸுக்குத் துளியும் தொடர்பில்லாத, கெட்ட வார்த்தை நிரம்பிய 'கில்லிங் இன் த நேம்' பாட்டை எல்லோரும் வாங்குங்கள் என்றார்கள். ஐந்து லட்சம் பிரதிக்கு மேல் விற்று, அதைப் பாடிய ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் குழு முதலிடத்துக்கு வந்தது. நான் அப்போது ஊர் திரும்பி ஆறு வருடம். லீட்ஸ் நண்பனுக்கு போன் போட்டு என் பங்குக்கு ஒரு பிரதி வாங்கச் சொன்னேன். இயந்திரத்துக்கு எதிராக என் ஓட்டு. வென்ற பாட்டு, தோற்ற பாட்டு இரண்டுமே சோனி கம்பெனியுடையவை என்று மறுநாள் பேப்பரில் படித்தேன். நண்பன் அந்தப் பணத்தை இன்னும் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

சிபாரிசை மட்டும் நிறுத்தவில்லை. கேசட் போய் சிடி, சிடி போய் பென்டிரைவ், பென்டிரைவ் போய் லிங்க். சுஃப்யான் ஸ்டீவன்ஸ் 2001-லிருந்து கிறிஸ்துமஸ் பாட்டுகளை வீட்டிலேயே பதிவு செய்து நண்பர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் பரிசாகக் கொடுத்துவந்தார். அதை 2006-ல் ஒரு பெட்டியாகவும், பிறகு 2012-ல் ஐம்பத்தெட்டுப் பாட்டோடு இன்னொரு பெட்டியாகவும் வெளியிட்டார். சொந்தக்காரர்களை இம்சிப்பதில் எனக்கு ஒரு துணை கிடைத்ததுபோல் இருந்தது. அவர் சொந்தக்காரர்கள் போனை எடுத்தார்களா, தெரியவில்லை.

அக்கா முழுதாகக் கேட்ட அந்த ஒரே பாட்டு, ஆஸ்திரேலியாவின் பால் கெல்லி 1996-ல் பாடிய 'ஹவ் டு மேக் கிரேவி'. ஜெயிலில் இருப்பவன் டிசம்பர் 21 அன்று வீட்டுக்கு எழுதுகிற கடிதம். நான் இல்லாமல் இந்த வருடம் கிரேவியை யார் செய்வார்கள் என்பதுதான் அவன் கவலை. மாவு, உப்பு, கொஞ்சம் ரெட் ஒயின், இனிப்புக்கும் புளிப்புக்கும் தக்காளி சாஸ் என்று பக்குவமும் சொல்லிவிடுவான். அந்த ஊரில் கிறிஸ்துமஸ் கோடையில் வரும், அதனால் பாட்டில் வெயில் கொளுத்தும். ஆஸ்திரேலியாவில் அந்தத் தேதியையே 'கிரேவி நாள்' என்கிறார்கள். அக்கா மறுநாள் காலையில் அவளாகவே போன் செய்தாள். எனக்கு நெஞ்சு படபடத்தது. "தம்பி, அந்தப் பாட்டு கேட்டேன். ரெட் ஒயினுக்குப் பதிலா என்ன ஊத்தலாம்?" என்றாள்.

போன நவம்பர் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் ஒரு காபிக் கடை. முந்நூறு ரூபாய்க் காபி. மேலே கூரையிலிருந்து லோ. அதே முதல் பாட்டு, அதே வழி தப்பிய இரவு. மிமி பார்க்கர் 2022-ல் இறந்துவிட்டார் என்பது அங்கே யாருக்கும் தெரிய நியாயமில்லை. கவுண்டரில் நின்ற பையனிடம், "இது யார் பாடுறாங்க தெரியுமா தம்பி?" என்றேன். "ஆப்ல வர்ற லிஸ்ட் சார், அதுவா ஓடும். மாத்தணுமா சார்?" என்றான். அன்று இரவே என் போனும் ஒரு பட்டியல் நீட்டியது: உங்களுக்குப் பிடிக்கலாம். போக்ஸ், கிங்க்ஸ், வெயிட்ரஸஸ், லோ. என் கேசட் கிட்டத்தட்ட அப்படியே. கூட்டிக் கழிக்காமல், அட்டை எழுதாமல், பொங்கல்வரை காத்திருக்காமல்.

அதற்குப் பத்து நாள் கழித்து அக்கா மகள் பெங்களூரிலிருந்து வந்தாள். இருபத்துமூன்று வயது, ஐ.டி. வேலை, கையில் ஒரு ரெக்கார்ட் பிளேயர். "மாமா, உங்களுக்கு ஒண்ணு கொண்டு வந்திருக்கேன். நீங்க கேட்டிருக்க சான்ஸ் இல்ல, கொஞ்சம் ஆஃப்பீட். ஜெர்மன் டிஸ்கோ, கரீபியன் சிங்கர்ஸ், செம வியர்டு. ஒரிஜினல் பிரஸ்ஸிங், மூவாயிரம் ரூபா" என்றாள். உறையைப் பார்த்தேன். போனி எம்.

நான் எதுவும் சொல்லவில்லை. முழுதாகக் கேட்டேன். லாரியிலும் ஜெனரேட்டரிலும் தொலைந்த எத்தனையோ சங்கதி அதில் இருந்தது. "எப்படி மாமா?" என்றாள். "புதுசா இருக்கு" என்றேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பாளையங்கோட்டை வீட்டை ஒழித்தோம். அப்பாவின் மரப் பீரோவில், கீர்த்தனைப் புத்தகங்களுக்கு அடியில், கேசட் இருந்தது. என் எழுத்துள்ள அட்டையைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் அப்பாவின் எழுத்து: "கிறிஸ்துமஸ் குவயர், 2000." காதில் செல்லோ டேப் மஞ்சளித்து இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மருமகள் எங்கிருந்தோ ஒரு பிளேயர் பிடித்துக் கணினியில் இணைத்தாள்.

ஹார்மோனியம். யாரோ இருமுகிறார்கள். அப்பா "சோப்ரானோ சத்தம் பத்தலை" என்கிறார். பிறகு வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை, பதினைந்து இருபது குரல், ஆளுக்கொரு சுருதி, வெளியே சைக்கிள் மணி. "இது யாரு மாமா?" என்றாள். பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்தவர், சரபோஜி மன்னரின் பள்ளித் தோழர், உலா வருகிற தலைவனையும் குறி சொல்லும் குறத்தியையும் பெத்லகேமுக்கே கூட்டிப்போய் 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதியவர் என்றேன். குறத்தியைப் பற்றி இன்னும் சொல்லச் சொன்னாள். அரை மணி நேரம் சொன்னேன். அவள் போனை எடுத்துப் பார்க்கவில்லை.

இரண்டாம் பக்கத்தின் நடுவில் கீர்த்தனை ஒன்று முடிந்து, 'டக்' என்று ஒரு சத்தம். உடனே கிடார். லோ. குழந்தை இயேசுவைப் பார்த்து, நீர் இந்தக் காலத்தில் பிறந்திருந்தால் நாங்கள் உம்மை வளரவே விட்டிருக்க மாட்டோம் என்று பாடுகிற பாட்டு. முதல் ஸ்வரத்திலிருந்து கடைசி ஸ்வரம்வரை, ஒரு கீறல்கூட விழாமல். அது முடிந்ததும் மறுபடி 'டக்', மறுபடி ஹார்மோனியம். தொண்ணூறு நிமிடத்தில் வேறெங்கும் என் பாட்டு ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

அடுப்படிக்கு ஓடினேன். அக்கா முந்திரிக்கொத்து உருட்டிக்கொண்டிருந்தாள். "அக்கா, அப்பா ஒரு பாட்டை விட்டு வச்சிருக்காங்க. அந்த ஒண்ணை மட்டும். அதுக்கு முன்னாலயும் அழிச்சிருக்காங்க, பின்னாலயும் அழிச்சிருக்காங்க. சரியா அந்தப் பாட்டை மட்டும் தாண்டியிருக்காங்க!"

அக்கா எண்ணெயைப் பார்த்தபடியே சொன்னாள்: "அப்பாவுக்கு எது ரீவைண்ட், எது ஃபார்வர்ட்னு கடைசி வரைக்கும் தெரியாதுல்லா தம்பி. அந்த ஜல்லிக்கரண்டியை எடு."